கஞ்சிக்கு வந்தவன் பேரன்

புனே விமான் நகரில் ஜெபம் பண்ணுவது சிரமம். லோகேகாவ் விமானப்படைத் தளம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பாஸ்டர் ஐயா கண்ணை மூடி, குரலை ஏற்றி, மன்றாட்டின் உச்சிக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் ஒரு சுகோய் கிளம்பும். ஜன்னல் கண்ணாடி நடுங்கும். ஐயாவின் வாய் அசைவது தெரியும், சத்தம் வராது. விமானம் போனதும் இருபது குடும்பமும் சேர்ந்து 'ஆமென்' போடுவோம். எதற்கு ஆமென் போட்டோம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதில் எல்லோருக்கும் ஒரு வசதி இருந்தது.

இருபதும் தமிழ்க் குடும்பங்கள். நாசரேத், சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம், நாகர்கோவில், பாளையங்கோட்டை என்று பெரும்பாலும் தெற்கத்தி ஆட்கள். கட்கி பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பழைய தமிழர்கள் வேறு ரகம். தொழிற்சாலையிலும் ரயில்வேயிலும் உடம்பை வருத்திப் பிழைத்தவர்கள். நாங்கள் கராடிக்கு லேப்டாப் பையைச் சுமந்துகொண்டு போகிறவர்கள். சனிக்கிழமை மாலை தத்த மந்திர் சௌக்கிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஏழாம் மாடி ஃபிளாட்டில் கூடுவோம். பாட்டு, ஜெபம், சாட்சி, செய்தி, கடைசியில் சமோசா.

2025 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தைய மாதம் 19-ஆம் தேதிதான் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் புதிய எச்-1பி விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று கையெழுத்துப் போட்டிருந்தார். எங்கள் கூட்டத்தில் விழுந்த இடி அது. மணிப்பூரில் 2023-இல் தேவாலயங்கள் எரிந்தபோது ஒரு சனிக்கிழமை இரண்டு நிமிட ஜெபத்தோடு முடித்தவர்கள், இதற்கு மூன்று நாள் உபவாசம் அறிவித்தோம். டீக்கு விலக்கு உண்டு. எங்களில் ஒருவர், பெரிய கம்பெனியில் மேனேஜர், பத்து வருஷமாக அந்த விசாவுக்குக் காத்திருந்தவர். அன்று அவர் எழுந்து கண் கலங்க, "ஆண்டவர் எனக்கு ஒரு வாசலைத் திறப்பார்னு விசுவாசிக்கிறேன்" என்றார். நாங்களும் கண் கலங்கினோம். கோலியாத்தை வீழ்த்தியவருக்கு ஒரு குடிவரவு அலுவலகம் எம்மாத்திரம் என்று பாஸ்டர் ஐயா தைரியம் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் மௌஷி வந்து நின்றார். அந்த வீட்டிலும் இன்னும் இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்ப்பவர். சொந்த ஊர் மராட்வாடா. அங்கே மழை ஒரு வருஷம் வரும், மூன்று வருஷம் வராது. செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றி விட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, உள்ளே வரலாமா என்று கண்ணால் கேட்டார். கையில் ஒரு காலித் துணிப்பை, நாலாக மடித்தது.

மேனேஜர் பிரதர் இந்தியில் கேட்டார்: எதற்கு வந்தீர்கள்?

மௌஷி மராத்தியில் ஒரே சொல்லில் பதில் சொன்னார்: "தாந்தூள்."

அரிசி. பண்டிகைக்கு முன்னால் நாங்கள் ஐந்து கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய் போட்டு ஏழைகளுக்குப் பை கொடுப்பது வழக்கம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவதற்காகத்தான் அதில் பாதி என்று சொன்னால் கோபப்படுவார்கள், அதனால் சொல்லவில்லை. மௌஷிக்கு அது காதில் விழுந்திருக்கிறது. வந்துவிட்டார்.

பிரதர் எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "மோட்டிவ் சரியில்ல, பாத்தீங்களா? இப்பிடி உள்ள விட்டோம்னா நாளைக்கு மொத்த பஸ்தியும் வந்து நிக்கும். அதோட, இங்கயும் மதமாற்றச் சட்டம் கொண்டாரப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது. நமக்கு எதுக்கு வம்பு?"

பாஸ்டர் ஐயா தலையை ஆட்டினார். "ஆத்தும தாகத்தோட வரட்டும். அரிசிக்காக வேணாம்" என்றார். வீட்டுக்கார அம்மா எழுந்து போய் மெதுவாகப் பேசி மௌஷியை அனுப்பிவிட்டு வந்தார். ஒரு சுகோய் கிளம்பியது. ஆமென் போட்டோம். நானும்தான்.

அன்று இரவு வீட்டுக்கு வந்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பாட்டனுக்குப் பாட்டன் கஞ்சிக்கு வந்தவர்.

தாது வருஷத்துப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தெற்கே மழை பொய்த்தது; அரைக் கோடிக்கும் மேல் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. செத்துக்கொண்டிருந்தபோதே துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவனுக்கு ரிச்சர்ட் டெம்பிள் துரை நிர்ணயித்த நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். சாகாமல் இருக்க எது குறைந்தபட்சம் என்று அரசாங்கம் தராசு வைத்துப் பார்த்த காலம் அது. திருநெல்வேலிச் சீமையில் மிஷன்காரர்கள் கஞ்சித் தொட்டி வைத்தார்கள். ஆயிரமாயிரமாக ஜனங்கள் போனார்கள். குடித்தார்கள். பலர் திரும்பி வரவில்லை, சபையிலேயே சேர்ந்துவிட்டார்கள். எங்கள் வம்சம் சேர்ந்ததும் அந்தத் தொட்டியைச் சுற்றித்தான்.

உடனே ஆரம்பித்தது விசாரணை. லண்டனில் சந்தா கட்டிய சீமாட்டிகளுக்குச் சந்தேகம்: இவர்கள் இயேசுவுக்கு வந்தார்களா, கஞ்சிக்கு வந்தார்களா? உள்ளூர் பண்ணையார்களுக்கும் அதே சந்தேகம். தினமும் தன் வயலில் வேலை வாங்கி, கூலியாகப் பதரைக் கொடுத்த பண்ணையாருக்குத் திடீரென்று தன் ஆளின் ஆத்துமத்தின் மேல் அக்கறை பொங்கியதைப் பாருங்கள். கால்டுவெல் அப்போதுதான் பேராயராகியிருந்தார். திராவிட மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் எழுதிய அதே கால்டுவெல். அவரிடம் எனக்கு ஆயிரம் வருத்தம் உண்டு. நாடார்களைப் பற்றி அவர் எழுதிய பழைய புத்தகம் எங்கள் வீட்டுப் பெரியவர்களின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஆனால் இந்த விஷயத்தில் மனுஷன் நேர்மையாகப் பேசியிருக்கிறார். ஒன்றும் கற்றுக்கொடுக்கப்படாதவர்களிடம் உயர்ந்த நோக்கத்தை எதிர்பார்ப்பது எப்படி, உள்ளே வந்து கொஞ்ச காலம் இருந்தால்தானே நல்ல நோக்கம் என்றால் என்ன என்றே தெரியும் என்று பொருள்படச் சொன்னார். தன் கையிலிருந்த அகப்பையை அவர் நோக்கமானியாக்கவில்லை.

அதற்கு 50 வருஷத்துக்கும் மேல் கழித்துப் பிக்கெட் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் ஒருவர் இந்தியா முழுக்கச் சுற்றி, கூட்டம் கூட்டமாக மதம் மாறியவர்களை உட்கார வைத்து, ஏன் மாறினீர்கள் என்று கேட்டு 1933-இல் புத்தகம் போட்டார். ஆவிக்குரிய காரணம், லௌகீகக் காரணம், ஊரோடு உறவோடு வந்த காரணம், பிறப்பிலேயே வந்த காரணம் என்று நாலு டப்பாவில் பிரித்தார். அவர் கண்டது என்னவென்றால், எந்த டப்பா என்பதைவிட வந்த பின் அவர்களை எப்படி நடத்தினார்கள், என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்பதுதான் முக்கியம் என்பது. நல்ல ஆராய்ச்சி. ஆனால் கேள்வித்தாள் போனதெல்லாம் சேரிக்கு. பங்களாக்காரப் பாதிரியார்களிடம் நீங்கள் ஏன் வந்தீர்கள், சம்பளம் எவ்வளவு, கோடைக்குக் கொடைக்கானல் போகிறீர்களா என்று கேட்டு யாரும் டப்பாவில் பிரித்ததாக நான் படித்ததில்லை.

என் பாட்டனுக்குப் பாட்டன் எந்த டப்பா என்று எனக்குத் தெரியும். அந்தக் கஞ்சி அவர் மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது. அந்த மகன் வாத்தியார் ஆனார். வாத்தியாரின் மகன் தாலுகா ஆபீஸ் கிளார்க். கிளார்க்கின் மகன் மின்வாரியம். மின்வாரியத்தின் மகன் விமான் நகரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், இருபது வருஷத் தவணை. மேனேஜர் பிரதரின் கதையும் அட்சரம் பிசகாமல் இதேதான். அவர் வம்சம் குடித்த தொட்டி என் வம்சம் குடித்த தொட்டியிலிருந்து பத்து மைல். 'பால் பவுடருக்கும் ரொட்டிக்கும் மதம் மாறினவங்க' என்று பள்ளிக்கூடத்தில் எங்களைப் பார்த்துச் சிரித்தபோது எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரிதான் காது சிவந்திருக்கும். அந்தச் சிவப்பை அவர் மௌஷியின் முகத்தில் பூசிவிட்டார். நான் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னேன்.

பிரதரைச் சொல்லி என்ன, நாடே இந்தப் பரிசோதனையில்தான் இறங்கியிருக்கிறது. பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது. பலவற்றின் பெயர் 'மத சுதந்திரச் சட்டம்' என்கிற ரகம். பூட்டுக்குத் திறவுகோல் என்று பெயர் வைப்பது போல. உத்தரப் பிரதேசத்தில் 2021-ஆம் ஆண்டின் சட்டப்படி மதம் மாற நினைக்கிறவர் 60 நாளுக்கு முன்பே மாவட்ட ஆட்சியருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆட்சியர் போலீஸை விட்டு விசாரிப்பார். எதை? அந்த மனிதரின் உண்மையான எண்ணம், நோக்கம், காரணம். இரண்டாயிரம் வருஷமாக வனாந்தரத்துத் துறவிகளும் ஞானிகளும் தங்கள் நெஞ்சைத் தாங்களே துழாவித் துழாவி, கடைசி மூச்சில்கூட நிச்சயமாகச் சொல்ல முடியாமல் போன விஷயத்தை, ஒரு ஹெட் கான்ஸ்டபிள் டீ குடித்துவிட்டு வந்து இரண்டு பக்க அறிக்கையில் முடித்துவிடுவார்.

'ஆசை காட்டுதல்' என்பதற்கு அந்தச் சட்டம் கொடுக்கும் விளக்கம் இன்னும் ருசியானது. பணம், பரிசு, வேலை, நல்ல பள்ளியில் இலவசப் படிப்பு, மேலான வாழ்க்கை முறை எல்லாம் அதில் அடக்கம். மேலான வாழ்க்கை! ஒரு மனிதன் மேலான வாழ்க்கைக்கு ஆசைப்பட்டு மதம் மாறினால் குற்றம். கட்சி மாறினால் அமைச்சர். முந்தின மதத்துக்கே திரும்பிப் போகிறவருக்கு மட்டும் இந்தச் சோதனை கிடையாது. வீட்டுக்கு வருகிறவனை வாசலில் நிறுத்திப் பை தேடுவார்களா என்கிற பெருந்தன்மை.

தமிழ்நாட்டிலும் 2002 அக்டோபரில் இப்படி ஓர் அவசரச் சட்டம் வந்தது. பெண்களையோ பட்டியல் சாதியினரையோ மாற்றினால் தண்டனை கூடுதல். அதாவது ஆண்பிள்ளைக்கு, மேல்சாதிக்காரனுக்குச் சொந்தமாக ஒரு நோக்கம் இருக்கலாம். மற்றவர்களுக்கு எவனோ ஒருவன் ஊட்டிவிட்டால்தான் நோக்கம் வரும். 2004 தேர்தலில் மக்கள் ஓங்கி ஒரு அறை விட்டதும் அதே அரசு அதே சட்டத்தைத் திரும்பப் பெற்றது. அந்த மனமாற்றத்தின் உண்மையான எண்ணம், நோக்கம், காரணம் பற்றி எந்த ஹெட் கான்ஸ்டபிளும் விசாரிக்கவில்லை.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஞானஸ்நானம் பெற்றவர், ஒழுங்காகத் தேவாலயத்துக்குப் போகிறவர், ஆனால் தான் இந்து என்றும் பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டும் என்றும் கேட்கிறார். உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் சொல்வது அரசியல் சாசனத்தின் மேல் செய்யும் மோசடி என்றது நீதிமன்றம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம், நான் வக்கீல் இல்லை. ஆனால் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை என்ன சொல்கிறது? இந்துவாக இருந்தால் பட்டியல் சாதி. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் வாசல் திறந்தது. கிறிஸ்தவனுக்கும் முஸ்லிமுக்கும் கிடையாது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லையாம். இதை நம்புகிறவர்கள் ஒருமுறை விழுப்புரம் பக்கம் எறையூருக்குப் போய்வர வேண்டும். தனி வழி, தனிக் கல்லறை, ஒரே கோவிலில் இரண்டாந்தரம். தங்களுக்கென்று தனிப் பங்கு கேட்டார்கள் தலித் கத்தோலிக்கர்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகளின் மேல் பாய்ந்தார்கள் அதே மாதாவின் பிள்ளைகள். போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே எழுப்பிய சுவரைப் பார்த்தால் போதும். சாதி இல்லை என்று சொல்லிச் சலுகையை மறுக்கிறது அரசாங்கம். சாதி இருக்கிறது என்று சொல்லிக் குழியை மறுக்கிறது சபை. நடுவில் நிற்கும் பெண்ணின் நோக்கம்தான் மோசடி.

நம் வீட்டுக் கல்யாண விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். 'இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, ஜெப வாழ்க்கையுள்ள மணமகன் தேவை.' அதற்குக் கீழே சாதி. அதற்கும் கீழே 'அரசுப் பணி அல்லது வெளிநாடு விரும்பத்தக்கது.' பரிசுத்த ஆவி எந்த உட்பிரிவில் இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே முகவரி கொடுத்துவிடுகிறோம். இந்த விளம்பரம் ஆசை காட்டுதலில் வராது.

திருமண்டலத் தேர்தல் வேறு. சபைகள் ஒன்றாகி 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது உலகமே வியந்தது. இன்று அதன் தேர்தலை ஒழுங்காக நடத்திக் கொடுக்க நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளை அனுப்ப வேண்டியிருக்கிறது. ஊழியம் செய்வதற்கு அத்தனை போட்டி! கல்லூரிகள், பள்ளிகள், பட்டணத்து நடுவே மிஷன் காம்பவுண்டுகள்: இவற்றின் மேல் அணியணியாகப் பிரிந்து கமிட்டி மெம்பர்கள் வைத்திருக்கும் ஆத்தும பாரத்தை எந்தத் தராசில் நிறுப்பது? மௌஷியின் ஐந்து கிலோவை நிறுத்துவிட்டோம், அது சுலபம்.

புனேவில் இருந்துகொண்டு நான் இதெல்லாம் பேசுவதற்கு ஊரே ஒரு காரணம். நோக்கத்தை நோண்டிப் பார்ப்பதில் இந்த ஊருக்குப் பழைய அனுபவம் உண்டு.

1890 அக்டோபரில் குருவார் பேட்டையில் பஞ்ச ஹௌத் மிஷனில் ஒரு கூட்டம். ரானடே, திலகர் உட்பட ஊர்ப் பெரிய மனிதர்கள் போனார்கள். கூட்டம் முடிந்ததும் மிஷன்காரர்கள் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். சாதாரண டீ. ஆனால் அதை ஏற்பாடு பண்ணியதில் பங்குள்ள கோபால்ராவ் ஜோஷி என்ற குறும்புக்கார மனிதர் வந்தவர்கள் பெயரையெல்லாம் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். ஊர் இரண்டுபட்டது. பாதிரி வீட்டு டீயைக் குடித்தது யார், கோப்பையைக் கையில் வாங்கிவிட்டு உதட்டில் படாமல் வைத்தது யார் என்று சங்கராச்சாரியாரின் பிரதிநிதிகள் உட்கார்ந்து விசாரித்தார்கள். ரானடே போன்ற நீதிபதியே கடைசியில் பிராயச்சித்தம் செய்துகொண்டார். ஒரு மிடறு டீ தொண்டையில் இறங்கியதா என்பது இரண்டு வருஷம் வழக்கு! இன்று அதே ஊரில் மாலுக்குள் கிறிஸ்துமஸ் மரத்தடியில் நின்று முந்நூறு ரூபாய்க் காபி குடிக்கிறார்கள். யாருக்கும் பிராயச்சித்தம் இல்லை. டீயை மிஷனில் கொடுத்தால் மதமாற்றம், மாலில் விற்றால் பொருளாதாரம்.

அந்த மிஷன் டீக்கு அடுத்த மாதம் பம்பாயிலிருந்து தன் விதவைப் பெண்கள் பள்ளியான சாரதா சதனத்தை இதே புனேவுக்குக் கொண்டுவந்தார் பண்டித ரமாபாய். அவரை நினைக்கும்போதுதான் எனக்குக் கோபம் தாங்க முடிவதில்லை.

1858-இல் பிறந்தவர். ஊர் ஊராகப் புராணம் சொல்லிப் பிழைத்த சித்பாவன் பிராமணக் குடும்பம். நம் சென்னை மாகாணத்தில் பட்டினியில் அப்பாவையும் அம்மாவையும் பறிகொடுத்தவர். கல்கத்தாப் பண்டிதர்கள் அவர் சமஸ்கிருதத்தைக் கேட்டு அசந்து 'பண்டிதா', 'சரஸ்வதி' என்று பட்டம் கொடுத்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்குள் கணவர் போனார். கையில் ஒரு பெண் குழந்தை. இங்கிலாந்து போய் 1883 செப்டம்பரில் வாண்டேஜ் கன்னியர் மடத்தில் தங்கி ஞானஸ்நானம் பெற்றார். அவ்வளவுதான். புனே கொதித்தது: காசுக்குப் போனாள், படிப்புக்குப் போனாள், வெள்ளைக்காரன் வலையில் விழுந்தாள்.

சரி, அந்தப் பக்கம் வரவேற்பு எப்படி? அங்கே இன்னொரு விசாரணைக் கமிஷன். ஜெரால்டைன் என்ற கன்னிகை ரமாபாயின் நம்பிக்கை சுத்தமானதுதானா என்று கடிதம் கடிதமாகத் துருவினார். திரித்துவத்தில் சந்தேகம் கேட்டால் அது அகந்தை. முட்டை சேர்த்த பதார்த்தம் வேண்டாம், மரக்கறி போதும் என்றால் சாதிப் புத்தி இன்னும் போகவில்லை. இந்தியாவில், இவள் போதுமான அளவு இந்து இல்லை. இங்கிலாந்தில், இவள் போதுமான அளவு கிறிஸ்தவள் இல்லை. இரண்டு இடத்திலும் கேள்வி கேட்டவர்கள் வயிறு நிறைந்தவர்கள். 1893-இல் சாரதா சதனத்துப் பெண்கள் அவர் ஜெபத்தில் தாமாகப் போய் உட்காருகிறார்கள் என்று தெரிந்ததும் மறுபடி கலவரம். ஆலோசனைக் குழுவிலிருந்து ரானடேயும் பண்டார்க்கரும் விலகினார்கள், உறவுக்காரர்கள் வந்து பெண்களை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மொட்டையடித்து மூலையில் உட்கார வைத்த பன்னிரண்டு வயது விதவையிடம் ஊர் அதுவரை கேட்காத கேள்வி: உனக்கு என்ன வேண்டும், எதற்கு அங்கே போனாய்?

இத்தனை பேர் வெளியே நின்று தோண்டிக்கொண்டிருக்க, அந்த அம்மாள் தன்னைத்தானே தோண்டிப் பார்த்தார். ஞானஸ்நானம் பெற்று ஏறக்குறைய எட்டு வருஷம் கழித்துத்தான், தனக்குக் கிடைத்தது கிறிஸ்தவ மதம் மட்டுமே, கிறிஸ்து இன்னும் கிடைக்கவில்லை என்று உறைத்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார். உலகப் புகழோடு இருந்த ஒரு பெண் தன் கையால் எழுதிய வாக்குமூலம் அது. யாரும் மிரட்டி வாங்கவில்லை. அதை எழுதியதோடு கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் இல்லை. ஏற்கெனவே 1896, 97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்துக்குப் போய்ப் பட்டினிக் கூட்டத்திலிருந்து பெண் குழந்தைகளை வாரிக்கொண்டு வந்திருந்தார். இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி கேட்காவில் அவர் கட்டிய முக்தி மிஷன் இன்றும் இருக்கிறது. அந்தக் குழந்தைகள் சோற்றுக்குத்தான் அவர் பின்னால் நடந்தன. வேறு எதற்கு நடக்கும்?

தன் நோக்கத்தைச் சோதிப்பது என்றால் இதுதான். கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை. நாம் அதை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் பாய்ச்சுகிற டார்ச் ஆக்கிவிட்டோம்.

எங்கள் விமான நிலையத்தில் இப்போது முகத்தைப் பார்த்தே கதவு திறக்கும் மெஷின் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றை அந்த ஏழாம் மாடி வாசலில் மாட்டினால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை. முகத்தை அல்ல, உள்ளத்தைப் பார்க்கும் மெஷின். பெல்ட்டைக் கழற்றி, பர்ஸைத் தட்டில் வைத்து, ஒவ்வொருவராக நடக்க வேண்டும். முதலில் மேனேஜர் பிரதர். பீப். விசா, இரண்டாவது ஃபிளாட், மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் சபை ஸ்பான்சர்ஷிப் சீட்டு. வீட்டுக்கார அம்மா. பீப். மருமகன் வீட்டாருக்குக் காட்ட ஒரு பக்தி. பாஸ்டர் ஐயா நடக்கும்போது ஒரே சத்தம், ஆனால் அவரைக் கை வைத்துத் தேட யாருக்கும் தைரியம் வராது. அப்புறம் நான். இப்போதைய வேலை அந்தக் கூட்டத்தில் அறிமுகமான ஒருவரின் சிபாரிசில் கிடைத்தது. அதிலிருந்துதான் நான் ஒரு சனிக்கிழமையும் தவறவிடுவதில்லை. சமோசாவும் நன்றாக இருக்கும். மௌஷி நடந்தால்? அவருக்கும் பீப்தான். அரிசி. என்ன வித்தியாசம் என்றால், மெஷின் சொல்வதற்கு முன்பே அவர் வாயால் சொல்லிவிட்டார். அந்த அறையில் அன்று எதற்கு வந்தேன் என்று உண்மை சொன்னது அவர் ஒருவர்தான்.

மலையடிவாரத்தில் ஐயாயிரம் பேருக்கு அப்பமும் மீனும் கொடுத்த கதையை ஞாயிறு பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். அவர் பந்தி வைத்தபோது யாரையும் வரிசையில் நிறுத்தி நோக்கம் கேட்கவில்லை. மறுநாள் கடலைத் தாண்டித் தேடி வந்தவர்களிடம், நீங்கள் சாப்பிட்ட அப்பத்துக்காகத்தான் வந்தீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார், உண்மை. அது மறுநாள். சாப்பாடு முந்தின நாளே போட்டாகிவிட்டது. வயிறு நிறைந்த ஆளிடம்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நாங்கள் காலிப் பையோடு வந்தவரிடம் கேட்டோம்.

அடுத்த வாரமே மௌஷி அந்த வீட்டு வேலையை விட்டு நின்றுவிட்டார். காரணம் சொல்லவில்லை. நான் அடுத்த கட்டடத்தில் அவரைத் தேடிப்போய்ப் பையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், நன்றி சொல்லவில்லை, என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நான் எதற்குக் கொடுத்தேன் என்பதும் எனக்கு நிச்சயமில்லை. பாதி இந்தக் கட்டுரைக்காகக்கூட இருக்கலாம்.

மேனேஜர் பிரதருக்கு ஒரு லட்சம் டாலர் இல்லாமலே வாசல் திறந்தது. கம்பெனியே எல்-1 விசாவில் டாலஸுக்கு அனுப்புகிறது. போன சனிக்கிழமை வழியனுப்பு ஜெபம். பிரியாணி. சாட்சி சொல்லும்போது அவர் அழுதார், நாங்களும் அழுதோம், பாஸ்டர் ஐயா தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். அங்கே எதற்குப் போகிறீர்கள் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை.